ஆறரைக் கட்டை

பெண்வீட்டார் என்னை அமர்த்தியிருந்தார்கள்,
மாப்பிள்ளை வீட்டார் அவனை.
யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.
பாறசாலை தாண்டி இரண்டாவது வளைவில்
ரப்பர் மரங்களை வெட்டிக் கட்டிய மண்டபம்.
மேடையில் கேக். மேடைக்குக் கீழே
இரண்டு மேசை, இரண்டு லேப்டாப்,
ஒரே ஒரு ஸ்பீக்கர் கோபுரம்.

பேர் டோஜோ என்றான், நெய்யாற்றின்கரை.
நான் ஷெர்லின் பியூலா, களியக்காவிளை.
"அர மணிக்கூர் ஞான், அர மணிக்கூர் நீ,
பத்து மணிக்கு போலீஸ்"
என்று கை குலுக்கினான்.

என் பாட்டு ஒவ்வொன்றின் நெற்றியிலும்
எண் எழுதி வைத்திருக்கிறேன்:
எத்தனை கட்டை, மேஜரா மைனரா,
எதன் பக்கத்தில் எது உட்காரும்.
பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளைப்
பந்தியில் தள்ளித் தள்ளி உட்காரவைப்பதுபோல.
பதினோரு வருஷம் சர்ச் குவயரில்
ஆல்டோ பாடியவள் நான்.
பக்கத்தில் நின்ற ஜாஸ்மின் ரூபி மாமி
மயிரிழை இறங்கினாலும்
எனக்குப் பல் கூசும்.

டோஜோவின் பாட்டுகளுக்கு எண் இல்லை.
"ஆரு கேக்கான்?
ஆளு துள்ளணும், அத்ரேயுள்ளு."
எங்கள் ஊர்ப் பேச்சில் இதற்குப் பதில் உண்டு,
அச்சில் ஏற்ற முடியாது.

ஒன்பதே காலுக்கு அவன் முறை முடிகிறது.
ஓடிக்கொண்டிருப்பது ஆறரைக் கட்டை மைனர்.
என்னிடம் தயாராக நிற்பது ஆறு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.
ஆறுக்கும் மூன்றுக்கும் நல்ல தூரம்,
சேர்த்து வைத்தால் ஒன்றின் தோளில் ஒன்று கை போடும்.
ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவே ஒரு விரல்தான்,
வெள்ளைக் கட்டை, அதை உரசிக்கொண்டு கருப்பு.
அந்த ஒரு விரலைப்போல் பகை கிடையாது.
எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு
இதில் ஆச்சரியம் இல்லை.
டெல்லிக்காரன் வந்து இந்தியில் வழி கேட்டால்
பாறசாலையில் மரியாதை;
நான் "கழிச்சோ" என்று
அரைக்கட்டை தவறிக் கேட்டால் சிரிப்பு.

பொத்தானை அழுத்தி என் பாட்டை அரை ஏற்றலாம்,
பாடகிக்கு ஜலதோஷம் பிடிக்கும்.
ராகத்தைப் பிடுங்கிவிட்டு
அடியை மட்டும் அனுப்பலாம்,
அடிக்குச் செக்போஸ்ட் இல்லை.
முப்பத்திரண்டு அடி அவகாசம்.
இருபத்தைந்தை அவன்மேல் கோபப்பட்டே செலவழித்தேன்.
பிறகு, கேட்கட்டும் என்று
தள்ளிவிட்டேன்.

எட்டு அடி
இரண்டும் ஒன்றாய் ஓடின.
தகரத்தில் ஆணி.
மூன்றாம் வரிசையில் ஜாஸ்மின் ரூபி மாமி
தலை தூக்கிப் பார்த்தார்.
டோஜோவை அல்ல, என்னை.

அப்புறம்தான் மண்டபம் கத்தியது.
செருப்புகள் மூலைக்குப் பறந்தன,
தாய்மாமன் நாற்காலிமேல் ஏறினார்,
மணப்பெண் முக்காட்டைச் சுருட்டித்
தோழி கையில் திணித்துவிட்டு இறங்கி வந்தாள்.
டோஜோ கட்டைவிரல் காட்டினான்.
"கண்டோ?"

கண்டேன்.
அவன் முதுகுக்குப் பின்னாலிருந்ததையும் கண்டேன்:
அதே எட்டாவது அடியில்
பக்கக் கதவு திறந்து
பொரித்த நெய்மீன் வந்துகொண்டிருந்தது.

எது அவர்களை எழுப்பியது,
இன்றுவரை எனக்குத் தெரியாது.
இரண்டு பேரும் கேட்கவில்லை,
சம்பளம் வாங்கிக்கொண்டோம்.

பத்தரைக்கு ஸ்கூட்டரில் திரும்பும்போது
செக்போஸ்டில் கோழி லாரியும் கேரள பஸ்ஸும்
எதிரெதிரே நின்று ஹாரனை அழுத்தின.
ஆறு. ஆறரை.
யாராவது ஒருவர் இறங்கிவருவார் என்று பார்த்தேன்.
ஹெல்மெட்டுக்குள்ளேயே நாலு கட்டையைப் பிடித்து
நான் முனகினேன்;
அது நடுவில் நின்றபோது
இரண்டும் கொஞ்சம் தேவலையாக இருந்தன.
மூச்சு முடிந்தது. பழையபடி தகரம்.

வீட்டில் அந்தப் பாட்டைத் திறந்து
நெற்றி எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவைத்தேன்:
ஆறரைக்குப் பின்னால் போடக் கூடாது.
மீன் எப்போது வரும் என்று
முதலில் கேட்டுக்கொள்ளவும்.